திண்ணை யாருக்கு?

திருவில்லிபுத்தூரின் பதினோரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்போர் பலர். அதைச் சூழ்ந்த தெருக்களின் வீடுகளை ஊன்றிப் பார்ப்போர் சிலரே. அச்சிலரும் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என அடுக்கிக்காட்டி, "அக்கிரகாரப் பாணி" என்று பெயர் சூட்டி நகர்ந்துவிடுகின்றனர். பாணியாம்! அக்கிரகாரம் என்பது கட்டடக் கலையின் பெயரா, ஒரு குலத்தார்க்கு ஒதுக்கப்பட்ட தெருவின் பெயரா?

திண்ணை, வழிப்போக்கன் இளைப்பாற எழுந்த அறமாம். மறுக்கவில்லை நாம், எந்த வழிப்போக்கன் என்றுதான் கேட்கிறோம். தெருவுக்குள் கால்வைக்கவே தடுக்கப்பட்டவன் திண்ணையின் குளிர்ச்சியை எங்ஙனம் அறிவான்?

தென் திருவிதாங்கூரில் நாடார் மக்கள் மாடிவீடு கட்டத் தடை இருந்தது. கொத்தனாரின் தூக்குக்குண்டா அங்கே கூரையின் உயரத்தை முடிவு செய்தது? சாதி செய்தது! அத்தகைய தாழ்ந்த கூரைகளைத்தான் "எளிய நாட்டுப்புறப் பாணி" என்று இரசிக்கின்றனர் நம் கலைச் சுவைஞர்கள்.

இராசபாளையத்தில், 1949 முதல் 1952 வரை சென்னையின் முதல்வராயிருந்த குமாரசாமி ராஜா, தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்தார். காங்கிரசுக்காரர்தாம், எனினும் பாராட்டத் தயங்கோம். தூணும் சுவரும் மாறவில்லை. வாயில் எவருக்குத் திறக்கும் என்பது மாறிற்று. இம்மாற்றத்தைக் குறிக்கப் பாணி நூல்களில் சொல் உண்டா?

1997-இல் கலைஞர் ஆட்சி அறிவித்த சமத்துவபுரங்களில், நுழைவாயிலில் பெரியார் சிலை. உள்ளே பல சாதியாரும் கலந்து குடியிருக்க ஒரே அளவில் நூறு வீடுகள். பாணிப் பட்டியல்களில் அவற்றைக் காணோம். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் இல்லாத குறையோ?