கால்வாய்ப் படகு யாத்திரை: முத்துராஜவெலவும் முட்டுக்காடும்

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் வாழ்வோர்க்கு விடுமுறைக்காலப் படகு என்றால் ஒகேனக்கல்லின் பரிசலே நினைவுக்கு வரும். பாறைச் சுவர்களுக்கிடையே சுழன்று செல்லும் அப்பரிசல் இன்று விடுமுறையாளருக்கு அருவியின் அழகைக் காட்டுகிறது. மனிதர் வெட்டிய நீர்வழியில் ஓரிடத்தில் ஏறி, கரையோர வாழ்க்கையைக் கண்டவாறே மற்றோரிடத்துக்குச் செல்லும் யாத்திரையின் ஆனந்தம் வேறு. அதனை நாடி மலையிறங்குவோர் சென்னைக் கடலோரத்துப் பக்கிங்காம் கால்வாய்க்கும் போகலாம். கடல் கடந்து, இலங்கையின் மேல்கரையிலுள்ள ஹமில்டன் கால்வாய்க்கும் போகலாம். இரண்டும் கடலுக்குச் சமீபமாக ஓடுபவை. இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் உதயத்தில் வெட்டத் தொடங்கப்பட்டவை. ஆயினும் அவற்றில் உல்லாசப் படகேறும் வழக்கம் இரு தேசங்களிலும் ஒன்றாக இல்லை.

நீர்கொழும்புப் பிரதேசத்தில் ஒல்லாந்தர், கறுவாப்பட்டை முதலிய சரக்குகளைக் கொழும்புக்குக் கொண்டுவரும் பொருட்டுக் கால்வாய்களையும் களப்புகளையும் தொடுத்து, புத்தளம் வரையில் நீர்வழி கண்டனர். பின்வந்த ஆங்கிலேயர், முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தின் உவர்நீரை வடிக்கக் கருதி, 1802இல் தொடங்கி 1804இல் முடித்த 14.5 கிலோமீட்டர்க் கால்வாய்க்கு, வருவாய் அதிகாரியான காவின் ஹமில்டனின் நாமத்தைச் சூட்டினர். இன்று அங்கே படகேறுவோர் அந்தக் கால்வாயின் வழியாகவே செல்கிறார்கள். வீடுகளின் படித்துறைகளையும், கரையில் கட்டிய மீன்பிடி படகுகளையும் கடந்து, கண்டல் மரங்கள் அடர்ந்த சதுப்பில் நுழைந்து, செந்நாரையையும் நீர்க்காகத்தையும் உடும்பையும் பார்த்தவாறு நீர்கொழும்புக் களப்பை அடைகிறார்கள். 1996இல் இச்சதுப்பின் ஒரு பகுதி சரணாலயமாக்கப்பட்டது பறவைகளுக்கு நன்மை செய்ததென்றால், மீனவர் இன்றளவும் அந்நீரில் தொழில் செய்வது கால்வாய்க்கே நன்மை செய்திருக்கிறது என்பது என் துணிபு.

நம் கால்வாயின் சரித்திரம் இதனினும் பெரிது, துயரமும் மிக்கது. 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கியது, படிப்படியாக வளர்ந்து, ஆந்திரத்துப் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், பசியால் மெலிந்தோர் நிவாரணக் கூலிக்காக மண் சுமந்து தோண்டியது. அக்காலத்துக் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. விறகும் உப்பும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகளைக் கழி ஊன்றியும் பாய் விரித்தும் கரையில் நடந்து கயிறு பிடித்திழுத்தும் செலுத்தினார்கள். சென்னைவாசிகள் இரவில் படகேறி, உறங்கி விழித்து, மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணச் செல்லும் உல்லாச வழக்கமும் அந்நாளில் இருந்தது. சாலைகள் பெருகின; புயல்கள் கரைகளைச் சிதைத்தன; நகரின் கழிவுநீர் கால்வாயில் கலந்தது. பஞ்சத்தில் அடிபட்டோர் தோண்டிய அதே நகரப் பகுதியில், நீருக்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நாட்டப்பட்டன. இதனை எண்ணுந்தோறும் மனம் கலங்குகிறது.

இன்று நம்மவர் படகேறும், சென்னைக்குத் தெற்கேயுள்ள முட்டுக்காட்டில், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள் பரந்த உப்பங்கழியில் ஒரு வட்டம் சுற்றிப் புறப்பட்ட துறைக்கே திரும்புகின்றன. குழந்தைகளுக்கு அது போதுமான குதூகலந்தான். ஆனால் அக்கழியோடு தொடர்ந்து தெற்கே செல்லும் கால்வாயை, படகிலிருப்போரில் எத்தனை பேர் அறிவார்கள்? முத்துராஜவெலவில் படகு செல்லும் வழியே காட்சியாக இருக்க, முட்டுக்காட்டில் நீர்ப்பரப்பு மட்டுமே காட்சியாகி, வழி மறைந்துவிட்டது. இதே கால்வாயின் வழியில் சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில் ஏரியைச் சுற்றிக் காட்டும் மீனவர் படகுகளும், ஒல்லாந்தர் 1613இல் கட்டிய கெல்டிரியாக் கோட்டை இருந்த அவ்வூரின் பூர்வ கதையை யாத்திரையோடு சேர்த்துச் சொல்லத் தக்கவை.

தேசிய நீர்வழி என்று 2008இல் அறிவிக்கப்பட்ட இக்கால்வாய் முழுவதையும் ஒருங்கே சீர்ப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள பகுதியைத் தூர்வாரி, அந்தப் பழைய யாத்திரையை இரவில் அன்றிப் பகலிலேனும் மீட்கலாம். கழி ஊன்றத் தெரிந்த கரையோர மீனவரையே ஓட்டிகளாக அமர்த்தி, கோடையிலும் பொங்கல் விடுமுறையிலும் காலையில் ஒரு படகு தெற்கே புறப்படச் செய்வது, கழகத்தாருக்கு எளிதில் கைகூடும் காரியம்.