பாறையும் பள்ளமும்

'தி லாங்கஸ்ட் டே' (1962) திரைப்படத்தை நாம் முதன்முதல் கண்டது குருமட நாள்களில், ஒளிநாடாவில். 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கிய கதை அது. புவான்ட் து ஓக் என்னும் செங்குத்துப் பாறையில் அமெரிக்க வீரர்கள் கயிறு பற்றி ஏறுகின்றனர். மேலே பீரங்கி மேடைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. இத்தனையும் வீணா என்ற திகைப்போடு காட்சி முடிகிறது. அன்று நம் கண்கள் கலங்கின. இன்று அம்முடிவை நம்மால் ஏற்க இயலவில்லை.

பீரங்கிகள் இல்லாமற்போகவில்லை. குண்டுவீச்சுக்குத் தப்ப அவற்றை ஜெர்மானியர் உட்புறத்தில் ஓர் ஆப்பிள் தோப்பில் மறைத்திருந்தனர். அன்று காலையிலேயே வீரர் சிலர் ஐந்து பீரங்கிகளைக் கண்டு செயலிழக்கச் செய்தனர். இறங்கியவர் ஏறத்தாழ 225 பேர். இரண்டு நாள் கழித்துப் போரிடும் நிலையில் எஞ்சியோர் 90 பேர் அளவே. அவர்கள் பட்ட பாட்டை 'வீண்' என முடித்தது கலைக்கு வசதி, நீதியன்று.

குறை இதனினும் ஆழமானது. படத்தில் குண்டு என்பது ஒரு நொடிப் புகை. அடுத்த கணம் வேறு காட்சி. நிலமோ அதை இன்னும் மறக்கவில்லை. நார்மண்டியின் மற்ற வயல்களில் உழவர்கள் குழிகளைத் தூர்த்து உழுதுவிட்டனர். இப்பாறைமேலோ அவை புல் மூடி அப்படியே கிடக்கின்றன. தொல்லியலார் அவற்றை ஏடு படிப்பதுபோல் படிக்கின்றனர். கிண்ணம் போன்ற குழி. சுற்றிலும் வாரியெறியப்பட்ட மண்ணின் கரை. அதில் அடிமண் மேலே வந்து கிடக்கும். பள்ளம் ஒரு பதுங்ககழியை அறுத்திருந்தால் அகழி முந்தியது. அகழி பள்ளத்தை அறுத்திருந்தாலோ, குண்டு விழுந்த பின்னும் ஒருவன் அங்கே நின்று மண் வெட்டினான் என்று பொருள். ஜெர்மானியத் தளபதிகளுக்கும் முகம் கொடுத்த படம் (அதற்காக அதைப் பாராட்டவே வேண்டும்) மண் வெட்டிய அவனைக் காணவில்லை.

ஊராரையும் காணவில்லை. தன் ஊர்மேல் குண்டு விழ, மகிழ்ந்து ஆரவாரிக்கும் பிரெஞ்சுக்காரர் ஒருவரைப் படம் நம்மைச் சிரிக்கவைக்கக் காட்டுகிறது. நாமும் சிரித்தோம். அக்கோடையில் நார்மண்டியில் மாண்ட பொதுமக்கள் ஏறத்தாழ 20,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் நேசநாட்டுக் குண்டுகளுக்கே இரையாயினர். கான், சென் லோ நகரங்கள் மீண்டும் கட்டப்பட்டுவிட்டன; அங்கே குழிகள் தெரிவதில்லை.

பாறைக் காட்சி அவ்விடத்திலேயே எடுக்கப்பட்டது. படத்தை மீண்டும் காண்போர் அங்கு வரும்போது, ஏறுகிறவர்களோடு சற்றே தரையையும் பார்ப்பார்களாக.