மூச்சு எவர் உடைமை?

மனிதகுலம் ஒன்றே என்னும் கருத்தைத் திருமூலரிடமிருந்து எடுத்து, இயக்கத்தின் முழக்கமாக்கினார் அறிஞர் அண்ணா. அதே திருமூலர்தாம் மூச்சை ஆளும் வித்தையையும் பாடினார். முன்னதைப் போற்றுவோர் பின்னதையும் போற்றித்தான் ஆகவேண்டுமா? 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 உலக யோகா நாளாகக் கொண்டாடப்படும் இக்காலத்தில், இளைஞர் உலகம் இவ்வினாவுக்கு விடை கண்டாக வேண்டும்.

ஒன்பது தந்திரங்கள் கொண்ட திருமந்திரத்தில், மூன்றாம் தந்திரம் எட்டுறுப்பு யோகத்தைப் பேசுகிறது. அங்கே மூச்சு ஒரு குதிரை. அதை அடக்கத் தெரிந்தவனே வீரன். இடமூக்கின் வழி இடைகலை, வலமூக்கின் வழி பிங்கலை, நடுவே சுழுமுனை. 16 மாத்திரை இழுத்தல் பூரகம், 64 மாத்திரை நிறுத்தல் கும்பகம், 32 மாத்திரை விடுதல் ரேசகம். காணமுடியாத காற்றைக் கனைக்கும் குதிரையாக்கிய கற்பனை தமிழின் செல்வம். கவிதையென்று கற்போம், களிப்போம். ஆனால் அதையே உடற்கூற்று நூலென்று நீட்டினால், அறுவைக் கத்தி கேள்வி கேட்கும்!

கேட்டதும் உண்டு. கேட்டவர் நாத்திகரல்லர், 1875-இல் ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரசுவதி. நாடிகளையும் சக்கரங்களையும் விரித்துரைத்த ஏடுகளில் ஐயங்கொண்ட அவர், கங்கையில் மிதந்துவந்த பிணத்தைக் கரையேற்றி அறுத்துப் பார்த்தார். ஏடு சொன்னது உடலில் இல்லை. ஏடுகளைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் எறிந்தார். 1879-இல் வெளிவரத் தொடங்கிய தன்வரலாற்றில் அவரே இதை உரைத்திருக்கிறார்.

அப்படியானால், மூச்சு இரு மூக்கிலும் மாறிமாறி ஓடுவது பொய்யா? பொய்யன்று. மூக்கின் உட்புறச் சதை ஒருபக்கம் வீங்க, மறுபக்கம் சுருங்கும். சில மணி நேரத்தில் முறை மாறும். 1895-இல் ஜெர்மானிய மருத்துவர் கைசர் இதை விளக்கினார். யோகி இதயத்தையே நிறுத்துவார் என்றனர். வெங்கர், பாக்சி, ஆனந்த் என்னும் மூவர் கருவி வைத்து ஆராய்ந்து, 1961-இல் முடிவை வெளியிட்டனர்: மூச்சை அடக்கித் தசையை இறுக்கியதால் மணிக்கட்டில் துடிப்பு மங்கியது, இதயமோ நிற்கவில்லை! மெல்ல மூச்சுவிட்டால் நெஞ்சின் படபடப்புத் தணியும். அது நரம்பின் வேலை, குருவின் அருளன்று. பயிற்சியைக் கொள்க; புனைவைத் தள்ளுக.

மூச்சை ஆள்பவரே வீரர் என்றால், அவ்வீரரை நாம் காட்டுகிறோம், வாரீர். பழவேற்காட்டு ஏரிமுதல் எண்ணூர்க் கழிமுகம்வரை, இருளர் பெண்கள் நீரில் அமிழ்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். பனையோலைப் பறியைப் பல்லால் கவ்வியிருக்கின்றனர். வாய் பறிக்கு, மூச்சுக்கு மூக்கு மட்டுமே! மணிக்கணக்கில் நடக்கும் இத்தவத்தை யோகமென்று எழுதிய உரையாசிரியர் எவர்? அமர்ந்திருப்பவன் மூச்சுக்கு ஆயிரம் பெயர்; உழைப்பவள் மூச்சுக்கு ஒரு பெயரும் இல்லை.

அவள் இருமினால், நாடி சமன் குலைந்தது என்று சொல்லும் குரு வேண்டா. சளியைச் சோதிக்கும் மருத்துவமனை வேண்டும். காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாத மருந்தில் முடிவுண்டு. அடைபட்ட நாடிக்கோ முடிவில்லாக் காணிக்கைதான் உண்டு.

அடைப்பு எங்கே என்று தேடுவோர் ஏரியின் முகத்துவாரத்தைப் பார்க்கட்டும். மணல் தூர்ந்தால் கடல்நீர் உள்ளே வருவதில்லை. மீனும் இறாலும் குறைகின்றன. குப்பத்து அடுப்பு அணைகிறது. கண்ணால் காணத்தக்க அடைப்பு இது. இதைத் திறக்கக் கும்பகம் போதாது. மணல்வாரும் பொறி வேண்டும், அரசின் பணம் வேண்டும், மீனவர் ஒன்றுபட்டு எழுப்பும் குரல் வேண்டும்.

திருமூலரிடம் குல ஒருமையைக் கொள்வோம். குதிரையைக் கவிதையாகக் கொள்வோம். நாடிக் கணக்கை ஏட்டிலேயே விட்டுவிடுவோம். மூச்சு மடத்தின் உடைமையன்று. உயிர்த்து உழைக்கும் ஒவ்வொருவரின் உடைமை.