தொப்பூர் ஏற்றத்தில் ஆல்கோ: ஒரு டர்போ இன்ஜினை ரசிக்கும் முறை

டபிள்யூ.டி.எம்.2 ரயில் இன்ஜினுக்குள் இருப்பது அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்த 251 வகை டீசல் இயந்திரம். 1962இல் அங்கிருந்து இந்தியாவுக்கு வந்த இந்த ரயில் இன்ஜின் வகை, 1964 முதல் வாரணாசியில் தயாரானது. தருமபுரி மாவட்டத்தில் அதன் முழு உழைப்பும் வெளிப்பட்ட இடம் தொப்பூர், முத்தம்பட்டி, சிவாடி மலைப்பாதை. ஓமலூரிலிருந்து தருமபுரிக்கு வரும் வண்டி இங்கே ஏறியாக வேண்டும். பாதை மின்மயமாகும் முன் ரயில் ஆர்வலர்கள் எடுத்த காணொளிகள் நிறைய உள்ளன. அவற்றை நல்ல ஒலிபெருக்கியில் கேட்பது அவசியம்.

முதலில் அளவு. 'வி' வடிவில் பக்கத்துக்கு 8 என 16 சிலிண்டர்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு மட்டும் ஏறத்தாழ 11 லிட்டர். ஒப்பிட்டுப் பார்த்தால், 1920களின் இறுதியில் பந்தயம் ஓடிய சூப்பர்சார்ஜர் பென்ட்லி காரின் மொத்த இயந்திரமே நாலரை லிட்டர்தான். ஆல்கோவின் வேகமோ நிமிடத்துக்கு 1000 சுற்றுகளைத் தாண்டாது. அதனால்தான் அதன் துடிப்பு கனமாகவும் தனித்தனியாகவும் காதில் விழுகிறது.

பென்ட்லியின் சூப்பர்சார்ஜருக்கும் ஆல்கோவின் டர்போவுக்கும் நோக்கம் ஒன்றே: சிலிண்டருக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திணித்து, கூடுதல் எரிபொருளை எரிப்பது. பென்ட்லியில் காற்றழுத்தியைச் சுழற்றியது கிராங்க் தண்டு. ஆகவே இயந்திரம் சுழன்றால் அதுவும் உடனே சுழலும், ஆனால் அதற்கான சக்தி இயந்திரத்திடமிருந்தே போகும். ஆல்கோவின் டர்போவில் வீணாகப் போகும் புகையே டர்பைனைச் சுழற்ற, அது காற்றழுத்தியைச் சுழற்றுகிறது. அழுத்தத்தால் சூடேறிய காற்று, தண்ணீரால் குளிரும் ஆஃப்டர்கூலர் வழியே சென்று அடர்த்தி கூடி உள்ளே நுழைகிறது. சிக்கனமும் நுட்பமும் சேர்ந்த அழகான ஏற்பாடு இது.

ஓட்டுநர் சக்திப் படியான நாட்சை உயர்த்தும் நொடியைத் தவறவிடக் கூடாது. டீசல் உடனே கூடுகிறது. டர்போ வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகின்றன. காற்றுப் போதாமல் எரியாத கரி, கரும்புகையாகப் பீறிடுகிறது. டர்போவின் சீழ்க்கை மேலே ஏற ஏறப் புகை வெளுக்கிறது. கண்ணையும் காதையும் சேர்த்து வைத்தால், உள்ளே காற்று எட்டிய கணத்தை வெளியிலிருந்தே கண்டுகொள்ளலாம்.

டபிள்யூ.டி.எம்.2 தந்தது 2600 குதிரைத்திறன். பின்வந்த டபிள்யூ.டி.எம்.3ஏ வகை 3100, 3டி வகை 3300. சிலிண்டர்கள் அதே 16. திறனை உயர்த்தியதில் பெரும்பங்கு மேம்பட்ட டர்போவுக்கும் எரிபொருள் பம்புகளுக்கும் உண்டு.