படுக்கையறையில் கிடைத்த துப்பு

இத்தாலியில் 1960களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை, குறைந்த முதலீட்டில், சில வாரப் படப்பிடிப்பில், காமத்தையும் கொலையையும் ஒரே கதைக்குள் பிணைத்து எடுக்கப்பட்ட படங்கள் ‘ஜல்லோ’ என்ற பொதுப்பெயருக்குள் அடக்கப்படுகின்றன. ஜல்லோ என்பது இத்தாலிய மொழியில் மஞ்சள் நிறத்தைக் குறிக்கும். மிலான் நகரின் மொந்ததோரி பதிப்பகம் 1929 முதல் மஞ்சள் அட்டையிட்டு வெளியிட்ட துப்பறியும் நாவல் வரிசையின் வழியே அந்தப் பெயர் முதலில் குற்றக்கதைக்கும் பின்னர் அத்தகைய திரைப்படத்துக்கும் ஆகிவந்தது. ஆயினும் அப்பெயருக்குள் இரண்டு கிளைகள் உண்டு. மரியோ பாவாவின் ‘கொலைகாரனுக்கு ஆறு பெண்கள்’ (1964) தொடங்கி, தாரியோ அர்ஜென்தோவின் ‘பளிங்குச் சிறகுப் பறவை’ (1970) வழியே வளர்ந்த கிளை, கையுறை அணிந்த முகமறியாக் கொலைஞனையும் கொலையின் காட்சியழகையும் நம்பியிருக்க, மற்றொரு கிளை செல்வர் வீட்டுப் படுக்கையறையையும், சொத்துரிமைப் பத்திரத்தையும், மனைவியை மனநோயாளியாக்கத் துடிக்கும் ஆண்களையும் நம்பியிருந்தது. விமரிசகர்களின் மதிப்பு பெரும்பாலும் முதற்கிளைக்கே போயிற்று. இரண்டாவதாகிய காமத் திகில் படங்கள், குறைகள் மலிந்தவையாயினும், தமக்கேயுரிய ஒரு கலைநுட்பத்தைக் கொண்டவை.

அந்த நுட்பத்தை அறிய முதலில் அவற்றின் பணக்கணக்கை அறிதல் வேண்டும். வட்டார விநியோகஸ்தர்கள் படம் தொடங்குமுன்பே ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு உறுதியளிப்பதும், அந்த உறுதியை வைத்துத் தயாரிப்பாளர் வங்கிக்கடன் பெறுவதும் அக்கால இத்தாலிய வழக்கம். தமிழ்த் திரைவணிகத்தார் ‘மினிமம் கேரண்டி’ என்று சொல்லும் முறைக்கு அது ஓரளவு நெருக்கமானது. ஆகவே எடுக்கப்படாத படத்தை விற்க வேண்டியிருந்தது; விற்பதற்குத் தலைப்பும், சுவரொட்டி ஓவியமும், ஒரு நடிகையின் பெயருமே கையிருப்பாக இருந்தன. 1962ஆம் ஆண்டின் தணிக்கைச் சட்டம் விதித்த ‘18 வயதுக்கு உட்பட்டோருக்குத் தடை’ என்ற முத்திரை, கூட்டத்தைக் குறைப்பதற்குப் பதில் விளம்பரமாகவே பயன்பட்டது. ஸ்பானிய, ஜெர்மானிய, பிரெஞ்சு நிறுவனங்களோடு கூட்டுத்தயாரிப்பாக எடுத்தால் முதலீடும் பகிரப்படும், சந்தையும் விரியும் என்பதால், நடிகர் பட்டியலில் நான்கு நாட்டவர் இருப்பதும், கதை காரணமின்றி இரண்டு நாடுகளுக்கு நகர்வதும் இயல்பாயின. உம்பர்த்தோ லென்சியின் ‘ஓர்காஸ்மோ’ (1969) அமெரிக்காவில் ‘பாரனோயா’ என்ற பெயரில் வெளியாக, அதே இயக்குநர் அடுத்த ஆண்டில் உண்மையாகவே ‘பாரனோயா’ என்று பெயரிட்டு எடுத்த படத்துக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் தேடவேண்டி வந்தது என்பதிலிருந்து, தலைப்புக்கும் கதைக்கும் இருந்த உறவு எத்தகையது என்பது விளங்கும்.

இக்கதைகளின் மூலவேர் பிரான்சில் உள்ளது. ஆன்றி-ஜார்ஜ் குளூசோவின் ‘லெ தியபோலிக்’ (1955) காட்டிய சூத்திரம், அதாவது நெருங்கியோர் இருவர் கூடி மூன்றாமவரை அச்சத்தாலேயே சாகடிக்கத் திட்டமிடும் கதையமைப்பு, எர்னெஸ்தோ கஸ்தால்தி என்ற திரைக்கதையாசிரியரின் கையில் எண்ணற்ற வடிவங்களை எடுத்தது. 1968இல் வெளிவந்த ‘தெபோராவின் இனிய உடல்’ என்ற படம் இவ்வகைக்கு வணிகப் பாதையைத் திறந்துவிட்டது. அதன் நாயகி கரோல் பேக்கர், 1956இல் வெளிவந்த ‘பேபி டால்’ படத்துக்காக ஆஸ்கார் பரிந்துரை பெற்றவர். ஹாலிவுட் ஒப்பந்தச் சிக்கலுக்குப் பின் இத்தாலிக்கு வந்து, லென்சியின் படங்களில் தொடர்ந்து நடித்தார்.

இப்படங்களைத் தரம்பிரிக்க ஓர் அளவுகோல் உண்டு: காமக் காட்சி துப்பாகப் பயன்படுகிறதா, அல்லது கதையை நிறுத்திவைத்துவிட்டுக் காட்டப்படும் இடைச்செருகலா என்பதே அது. ‘ஓர்காஸ்மோ’வில் கணவனை இழந்த அமெரிக்கச் செல்வச் சீமாட்டி ஒருத்தி இத்தாலிய மாளிகையில் தனித்திருக்க, ஓர் இளைஞனும் அவன் தங்கை என்று சொல்லிக்கொண்டு வரும் ஒரு பெண்ணும் அவளது படுக்கையறைக்குள் இடம்பிடிக்கின்றனர். அங்கு நிகழும் ஒவ்வொரு நெருக்கமும் அவளது உரிமைகளில் ஒன்றைப் பறிக்கும் படியாக அமைகிறது. முதலில் வேலையாட்கள் போகின்றனர், பிறகு உறக்கம் போகிறது, கடைசியில் ஒரே பாட்டை மீண்டும் மீண்டும் உரக்க ஒலிக்கவிட்டு அவளது அறிவையே கலைத்துவிடுகின்றனர். இன்பமாகத் தொடங்கியது எந்தக் கணத்தில் சிறையாக மாறிற்று என்று பார்வையாளர் பின்னோக்கித் தேட நேர்கிறது. அந்தத் தேடலே படத்தின் சுவை. லூச்சானோ எர்க்கோலியின் ‘மரியாதைக்குரிய சீமாட்டியின் விலக்கப்பட்ட படங்கள்’ (1970) இந்த அளவுகோலுக்கு இன்னும் நேரடியாகப் பொருந்துகிறது. தோழி பொழுதுபோக்காகக் காட்டும் ஆபாசப் புகைப்படக் கட்டுக்குள், நாயகி தன்னை மிரட்டுபவனின் முகத்தைக் காண்கிறாள். கிளர்ச்சிக்காகச் சேர்த்துவைத்த படம் சாட்சியப் பொருளாகிவிடுகிறது. லூச்சோ ஃபுல்ச்சியின் ‘பெண்தோல் போர்த்திய பல்லி’ (1971) மேலும் ஒரு படி செல்கிறது. இலண்டன் சீமாட்டி ஒருத்தி பக்கத்துவீட்டுப் பெண்ணைப் பற்றிக் கண்ட காமக் கனவுகளை மனப்பகுப்பாய்வாளரிடம் சொல்கிறாள். அந்தப் பெண் கனவில் கண்டபடியே கொல்லப்படும்போது, கனவு குற்ற ஒப்புதலா, முன்னேற்பாடான தற்காப்பா என்ற ஐயத்தின்மேல் முழுப் படமும் நிற்கிறது.

வகையின் முழுமையான சாதனை என்று செர்ஜோ மார்த்தினோவின் ‘வார்த் சீமாட்டியின் விசித்திரப் பழக்கம்’ (1971) என்ற படத்தையே சொல்லவேண்டும். இயக்குநரின் அண்ணன் லூச்சானோ மார்த்தினோ தயாரிப்பாளர்களில் ஒருவர். திரைக்கதையில் கஸ்தால்தியின் பங்கு முதன்மையானது. வியன்னாவுக்கு அரசுத் தூதுப்பணியில் வரும் கணவனோடு ஜூலி வார்த் வந்திறங்கும் வேளையில், அந்நகரில் ஒருவன் சவரக்கத்தியால் பெண்களைக் கொன்றுகொண்டிருக்கிறான். ஜூலியைச் சுற்றி மூன்று ஆண்கள்: அசட்டையான கணவன், வன்முறையோடு அவளை ஆண்ட பழைய காதலன், புதிதாக வந்து கவர்ந்திழுக்கும் மூன்றாமவன். பழைய காதலனோடு கழிந்த நாட்கள் மழையிலும், உடைந்த கண்ணாடிச் சில்லுகளிலும், மெதுவாக்கப்பட்ட அசைவுகளிலும் நினைவுக்காட்சிகளாகத் திரும்புகின்றன. அவை கவர்ச்சிக்காட்சிகள்தாம், ஆனால் தனக்குத் தீங்கு செய்பவனிடமே தன் விருப்பம் சாய்கிறது என்ற அவளது அச்சத்தையும் அவையே நிறுவுகின்றன. தன் விருப்பத்தையே நம்பமுடியாத ஒருத்தி, தன்னைச் சூழ்ந்த ஆண்களில் எவனை நம்புவது என்று எவ்வாறு முடிவுசெய்வாள் என்பதே படத்தின் உண்மையான திகில். நகரத்துக் கொலைஞனின் பெயர்மறைவில் வேறொரு கணக்கு தீர்க்கப்படுவது பின்னர்தான் தெரியவருகிறது. ஃபிராய்டின் மேற்கோளோடு தொடங்கும் படாடோபத்தை மன்னித்துவிடலாம். வியன்னாவுக்குப் போன படக்குழு அவரை விட்டுவைத்திருந்தால்தான் வியப்பு. ஜூலியாக நடித்த எட்விஜ் ஃபெனெக், அல்ஜீரியாவில் 1948இல் பிறந்த பிரெஞ்சு நடிகை. விளம்பரங்கள் அவரது உடலை மட்டுமே விற்றன. படமோ அவரது கண்களால் நடக்கிறது. கதவு திறக்கும்போது அஞ்சவேண்டுமா, மகிழவேண்டுமா என்று தெரியாமல் நிற்கும் அந்த அகன்ற பார்வைக்கு ஈடு இவ்வகையில் வேறு இல்லை.

ஒளிப்பதிவில் சிக்கனம் ஒரு பாணியையே உருவாக்கிற்று. ‘டெக்னிஸ்கோப்’ என்ற முறை, வழக்கமாக ஒரு சட்டகத்துக்கு நான்கு துளையளவு ஓடும் படச்சுருளை இரண்டு துளையளவே ஓடவிட்டு, பாதிச் செலவில் அகலத்திரைப் படத்தைத் தந்தது. நெகட்டிவ் பரப்பு குறைந்ததால் திரையில் மணற்பரல் போன்ற சொரசொரப்பு தெரியும் என்பது அதன் குறை. ஆனால் அகலத்திரைக்கென்று தனியான அனமார்ஃபிக் லென்சு வேண்டாததால், சாதாரண லென்சுகளைக்கொண்டு முகத்தை மிக நெருங்கவும், ஜூம் லென்சை விருப்பம்போல் ஓட்டவும் முடிந்தது. தண்டவாளம் பதித்து கேமராவைத் தள்ளிச்செல்ல நேரமில்லாத இடங்களில் ஜூமே ஓடிற்று. நல்ல இயக்குநரின் கையில் அந்தப் பாய்ச்சல், ஒளிந்து பார்ப்பவன் திடீரென்று கவனம் குவிப்பதைப்போல அமைந்தது; மற்றவர் கையில் தலைசுற்றலை மட்டுமே தந்தது. அரங்கம் அமைக்கப் பணமில்லாததால் உண்மையான மாளிகைகளும் அடுக்ககங்களும் படிக்கட்டுகளும் களமாயின. அக்கால இத்தாலிய அறைக்கலன் வடிவமைப்பின் பொற்காலத்தை இன்று இப்படங்களில் இலவசமாகக் காணலாம். எந்தச் செல்வர் வீட்டிலும் ‘ஜே அண்ட் பி’ விஸ்கிப் புட்டி லேபிளைத் திருப்பி கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருப்பதும் ரசிகர்கள் தேடிப் பார்த்துச் சிரிக்கும் ஒரு வழக்கம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது இசை. என்னியோ மொரிக்கோனே, அவரது இசைக்குழுவை நடத்தியவரும் தாமே சிறந்த இசையமைப்பாளருமான புரூனோ நிக்கொலாய், ரிஸ் ஒர்த்தொலானி, நோரா ஒர்லாந்தி ஆகியோர் இச்சிறு படங்களுக்கும் பெரும் படங்களுக்குரிய கவனத்தோடே எழுதினர். சோப்ரானோ பாடகி எத்தா தெல்லோர்சோவின் குரல் சொல்லே இல்லாமல், மூச்சுக்கும் பாட்டுக்கும் இடையில் மிதந்து, காமத்தையும் அச்சத்தையும் பிரித்தறிய முடியாத ஒரே ஒலியாக்கிவிடுகிறது. திரைக்கதை பத்து நிமிடம் பேசியும் எட்டமுடியாத இடத்தை அந்தக் குரல் நான்கு சுரங்களில் எட்டுவது பலமுறை நிகழ்கிறது. வார்த் சீமாட்டிக்காக ஒர்லாந்தி எழுதிய இசை, இறந்தோருக்கான கத்தோலிக்க வழிபாட்டுப் பாடலின் சாயலில் அமைந்தது. படுக்கைக் காட்சிக்குப் பின்னணியாகத் தேவாலயச் சாயல் ஒலிக்கும்போது, இன்பம் நிகழும்போதே அதற்குரிய தண்டனையும் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. குவெண்டின் டாரண்டினோ ‘கில் பில்’ இரண்டாம் பாகத்தில் (2004) அந்த இசையை எடுத்தாண்டார். எலேன் கத்தேயும் புரூனோ ஃபோர்சானியும் ‘அமேர்’ (2009) படத்தை இத்தகைய பழைய இசைத்துண்டுகளைக்கொண்டே அமைத்தனர்.

இசைக்கு இத்தகைய இடம் கிடைத்ததற்கு ஒலிப்பதிவு முறையும் காரணம். படப்பிடிப்பில் நேரடி ஒலி பதியப்படுவதில்லை. நடிகர்கள் அவரவர் மொழியில் பேசிவிட்டுப் போக, இத்தாலியப் பின்னணிக்குரல் கலைஞர்கள் பின்னர் பேசி நிரப்பினர். அதனால் காலடி, கதவு, மூச்சு என்று ஒவ்வோர் ஓசையும் தேர்ந்து வைக்கப்பட்டது. அதே முறையால் நடிப்பு பாதியாயிற்று. ஆங்கிலப் பதிப்புகளில் உதடும் சொல்லும் பிரிந்து, துயரக்காட்சியும் நகைப்புக்கிடமாகிறது. குரலே உடலுக்குரியதாக இல்லாதபோது, காமக் காட்சியில் அந்த அந்நியத்தன்மை மேலும் உறுத்துகிறது.

குறைகளில் பொறுக்கத்தக்கவை சில. காவல் அதிகாரிகள் பெரும்பாலும் கதைக்குத் தேவையற்றவர்கள். நடுப்பகுதி இரவு விடுதி நடனங்களால் நீள்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒருவர் நின்று சூழ்ச்சி முழுவதையும் ஒப்பிக்க, அதுவரை கண்ணாலும் காதாலும் நடந்த படம் வக்கீல் நோட்டீசாகிவிடுகிறது. பொறுக்கமுடியாதது வேறு. பெண்ணின் விருப்பத்தை நோயாகவும், அவளுக்கு நேரும் துன்பத்தை அந்நோயின் இயல்பான விளைவாகவும் காட்டும் பழக்கம் சிறந்த படங்களிலும் உண்டு. பெண்ணை விரும்பும் பெண் கொலையாளியாகவோ பிணமாகவோதான் முடிகிறாள். சிறந்த படங்கள் ஆண்களின் பேராசையையும் அம்பலப்படுத்துவதால் இக்குற்றம் ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது. ஆந்த்ரேயா பியாங்கியின் ‘கொலைகாரனுக்காக நிர்வாணமாக’ (1975) போன்றவற்றுக்கு அந்தச் சலுகையும் இல்லை. மிலானின் விளம்பர மாதிரிப்பெண்கள் நிறுவனம் ஒன்றில் மோட்டார்சைக்கிள் தலைக்கவசம் அணிந்தவர் செய்யும் கொலைகளைத் தொடரும் அப்படத்தில், உடைகளைக் களைவதும் கொல்வதும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி மாறிமாறி நிகழ்கின்றன. அங்கு உடல் எதற்கும் சாட்சி சொல்வதில்லை. ஃபெனெக் நடித்தும் பயனில்லை.

இந்த அளவுகோலையே கொஞ்சம் அசைத்துப்பார்க்கும் படம் ஒன்று உண்டு. மார்த்தினோ 1973இல் எடுத்த, ஆங்கிலத்தில் ‘டார்சோ’ எனப்படும் படத்தின் இத்தாலியத் தலைப்பு, உடல்களில் பாலியல் வன்முறையின் தடயங்கள் உள்ளன என்று பிணப்பரிசோதனை அறிக்கையின் நடையில் பேசுகிறது. அதன் முதற்பகுதி, பெருஜா நகரத்துக் கல்லூரி மாணவியரை அத்தலைப்புக்கேற்பவே நடத்துகிறது. ஆனால் கடைசிப் பகுதியில், கால் சுளுக்கிய ஒருத்தி மலைமேல் உள்ள மாளிகையில் விழித்தெழுந்து, தோழியர் மூவரும் கொல்லப்பட்டுக் கிடப்பதையும், தான் அங்கிருப்பதை அறியாத கொலைஞன் உடல்களை அப்புறப்படுத்தும் வேலையில் இருப்பதையும் காண்கிறாள். அதன்பின் பேச்சே ஏறக்குறைய இல்லை, ஆடைகுறைப்பும் இல்லை, மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கவேண்டிய கட்டாயம் மட்டுமே உள்ளது. பெண்ணுடல்களை ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்த கேமரா, அவளோடு சேர்ந்து ஆணை ஒளிந்து பார்க்கத் தொடங்குகிறது. காமத்தை விற்கவந்த படம் தன் உச்சத்தை எட்டுவது அந்தச் சரக்கைக் கைவிட்ட பிறகுதான்.

பின்வந்த காலம் விரைவில் சொல்லிமுடிக்கத்தக்கது. 1976இல் அரசியல்சட்ட நீதிமன்றத் தீர்ப்பு தனியார் வட்டாரத் தொலைக்காட்சிக்கு வழிவிட, புறநகர்க் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. விநியோகஸ்தரின் முன்பணமும் வற்றிற்று. 1985இல் கார்லோ வான்சீனா, மிலானின் ஃபேஷன் உலகை வைத்து எடுத்த ‘உடைக்குக் கீழே ஒன்றுமில்லை’ பீனோ தொனாஜோவின் இசையால் ஓரளவு எழுந்து நின்றது. 1992க்குப் பின் ‘பேசிக் இன்ஸ்டிங்க்ட்’ வெற்றியைத் துரத்தி வீடியோ சந்தைக்கென்று எடுக்கப்பட்டவற்றில் நிர்வாணம் கூடிற்று. சிந்தசைசர் ஒலியும் தட்டையான விளக்கொளியும் மட்டுமே மிஞ்ச, ஐயத்துக்கு இடமில்லாமற்போயிற்று. இவ்வகையைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குவோர் வார்த் சீமாட்டியை இத்தாலிய ஒலித்தடத்திலும், கரோல் பேக்கரின் படங்களை அவரது சொந்தக்குரல் கேட்கும் ஆங்கில ஒலித்தடத்திலும் பார்ப்பது நல்லது.