பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வருமா?

செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி (அடினோசின் டிரைபாஸ்பேட்) மூலக்கூறின் பாஸ்பேட் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்று உயிரியல் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தவறல்லவா என்று கேட்டால், பிள்ளைகளுக்கு இது போதும், நுணுக்கமெல்லாம் கல்லூரியில் வந்துவிடும் என்கிறார்கள். இந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்படிச் சொல்வதற்கும் பயன் உண்டு. 1941இல் உயிர்வேதியியலாளர் ஃபிரிட்ஸ் லிப்மன் அந்தப் பிணைப்பை ஆற்றல் மிகுந்ததாகக் குறிக்க அலைக்கோடு போட்டுக் காட்டியபோது, செல்லின் ஆற்றல் வரவுசெலவு ஒரே பார்வையில் பிடிபட்டது. அந்த அளவில் சரி.

ஆனால் நிலையான எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் கொடுத்தே ஆகவேண்டும். ஒரு மோல் மீத்தேன் எரிவதைப் பாருங்கள். நான்கு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளைப் பிரிக்க 1,652 கிலோஜூல், இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிரிக்க 996; ஆக 2,648 செலவு. கார்பன் டைஆக்சைடும் நீராவியும் உருவாகும்போது 3,450 திரும்பி வருகிறது. மிஞ்சும் 802தான் நமக்குக் கிடைக்கும் வெப்பம். அத்தனையும் புதிய பிணைப்புகள் உருவானதால் வந்தது. எரிபொருளுக்குள்ளேயே ஆற்றல் அடைந்து கிடக்கிறது என்று நம்பும் மாணவனுக்கு ஆக்சிஜனின் பங்கு கண்ணில் படுவதே இல்லை. ஒப்பளவில் தளர்ந்த அதன் இரட்டைப் பிணைப்பு, உறுதியான பிணைப்புகளுக்கு இடம்விடுவதில்தான் எரிதலின் வெப்பம் பெரும்பாலும் இருக்கிறது.

ஏடிபியில் நிலைமை இன்னும் மோசம். நீர் வினைபுரியும்போது ஒரு பாஸ்பரஸ்-ஆக்சிஜன் பிணைப்பும் ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பும் போகின்றன. அதே வகைகளில் ஒவ்வொன்று புதிதாக உருவாகிறது. அப்படியானால் மோலுக்கு ஏறத்தாழ 30.5 கிலோஜூல் கட்டிலா ஆற்றல் (வேலைக்குப் பயன்படக்கூடிய ஆற்றல்) எங்கிருந்து வருகிறது? நெருங்கியிருந்த எதிர்மின்சுமைகள் விலகுவதிலிருந்து, பிரிந்த பாஸ்பேட்டில் எலக்ட்ரான்கள் பரவி நிலைப்படும் உடனிசைவிலிருந்து, விளைபொருள்களை நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்வதிலிருந்து. 'உடைந்தால் ஆற்றல்' என்ற வாக்கியம் இவை அத்தனையையும் மறைத்துவிடுகிறது.

இதை எளிமைப்படுத்தல் என்பது எளிமைக்கே இழுக்கு. எளிமைப்படுத்தினால் சில விவரங்கள் விடுபடும். இங்கே குறியே தலைகீழாகிறது. வேதியியல் தேர்வில் பிணைப்பை உடைக்கக் கூட்டல் குறி போட்டு மதிப்பெண் வாங்கும் அதே பிள்ளை, உயிரியல் தேர்வில் நேர்மாறாக எழுதி அங்கேயும் மதிப்பெண் வாங்குகிறது. இரண்டையும் மனப்பாடம் செய்யப் பழகியபின் எதையும் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை. கல்லூரிக்குப் போனாலும் முதலில் பதிந்ததுதான் நிற்கிறது.

திருத்த ஒரு வாக்கியம் போதும்: ஏடிபி நீருடன் வினைபுரிந்து அடினோசின் டைபாஸ்பேட்டாகவும் தனிப் பாஸ்பேட்டாகவும் மாறும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. இதில் எந்தச் சொல் பள்ளிப் பிள்ளைக்குக் கடினம்?