நின்றபடி ஊர்ந்து வரும் ராக்கெட்

ஃபிரிட்ஸ் லாங் 1929இல் எடுத்த ஜெர்மன் மௌனப் படம் 'ஃபிராவ் இம் மோண்ட்', ராக்கெட்டில் நிலவுக்குப் போகும் கதை. அதில் என்னை ஆட்கொள்வது நிலவுக் காட்சிகள் அல்ல. ராக்கெட் கொட்டகையை விட்டு வெளியே வரும் அந்தச் சில நிமிடங்கள். பிரம்மாண்டமான கதவுகள் திறக்கின்றன. தேர் நிலையை விட்டுக் கிளம்புவதுபோல, செங்குத்தாக நின்றபடியே மெல்ல ஊர்ந்து வருகிறது ராக்கெட். சுமார் 40 ஆண்டுகளுக்குப் பிறகு புளோரிடாவில் 110 மீட்டர் உயர சாட்டர்ன் 5 ராக்கெட் இப்படித்தான் ஏவுதளத்துக்குப் போனது. வேகம், மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர்கூட வராது!

படத்துக்கு ஆலோசகர் ஹெர்மன் ஓபர்த். ராக்கெட்டில் கோள்களுக்குப் போவது பற்றி 1923இலேயே கணக்குப் போட்டுப் புத்தகம் எழுதியவர். எரிந்து தீர்ந்த அடுக்கைக் கழற்றிவிட்டு, எடை குறைந்த மிச்சம் மேலே பாய்வதைப் படம் பிசகில்லாமல் காட்டுகிறது. முடுக்கத்தின் அழுத்தத்தைத் தாங்கப் பயணிகள் படுத்துக்கொள்கிறார்கள். ஏவும் முன் நொடிகளைத் தலைகீழாக எண்ணுவதும் உண்டு. ஒலியில்லாத படமாதலால் எண்கள் திரையிலேயே எழுத்தாக வருகின்றன. பரபரப்புக்காக லாங் சேர்த்த உத்தி அது. இன்று ஏவுதளங்களில் அந்த எண்ணிக்கை பரவலான வழக்கமாகிவிட்டது.

நிலவில் மூச்சுவிடக் காற்றும் தோண்டத் தங்கமும் இருப்பதாகக் கதை போகிறது. போகட்டும். எடையற்ற நிலையில் மிதந்துவிடாமல் இருக்கக் கால் நுழைக்கத் தரையில் வார்களைப் பொருத்த வேண்டும் என்று 1929இல் யோசித்திருக்கிறார்களே! சர்வதேச விண்வெளி நிலையத்தில் இன்றும் வீரர்கள் அப்படித்தான் காலை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள்.